தீவன அட்டை

கொட்டகைக் கதவின் உள்பக்கம்
ஆணியில் தொங்குகிறது அட்டை.
தேதி, தீவனம், எடை, இறப்பு.
இறப்புக் கட்டம்தான் இருப்பதிலேயே சின்னது.
மூன்று இலக்கம் எழுதினால்
பேனா கோட்டைத் தாண்டிவிடும்.

பங்குனிக் கடைசியில் இறங்கின
மூவாயிரத்து இருநூறு குஞ்சுகள்.
பெட்டியைத் திறந்ததும் மஞ்சளாய் ஒரு இரைச்சல்.
தென்னைநார்த் தூள்மேல் கொட்டினோம்.
கொட்டினோம் என்று சொல்லக் கூசுகிறது,
ஆனால் அப்படித்தான் செய்தோம்.

குஞ்சு கம்பெனியுடையது.
தீவனம், மருந்து, தராசு, லாரி,
கிலோவுக்கு இவ்வளவு என்கிற வாய்
எல்லாம் கம்பெனியுடையது.
கூரையும் கரண்டு பில்லும் எங்களுடையவை.
நாற்றம் எங்களுடையது.
உயிரோடிருக்கும்வரை அவர்கள் கோழி,
செத்தால் எங்கள் கோழி.

மாங்காய் விலை விழுந்த வருஷம்
லோடு வண்டியோடு மண்டி வாசலில்
இரண்டு நாள் நின்று
மூன்றாம் நாள் ஏரிக்கரையில் கவிழ்த்துவிட்டு வந்தார்
திம்மராஜ்.
அதற்கப்புறம்தான் இந்தக் கொட்டகை.
ஹேமாவதி நர்சிங் மூன்றாம் வருஷம்.
ஒரு பேட்ச், ஒரு செமஸ்டர்.
இதில் பொய் எதுவும் இல்லை.

கல்குவாரியில் துளை போடுகிற சின்னதம்பி
ஞாயிறு தவறாமல் அரைக்கிலோ வாங்குகிறான்.
அவன் அப்பனுக்குக் கறி என்றால்
மாரியம்மன் பண்டிகை மட்டும்தான்.
இப்போது அவன் பையன்
சதை ஒட்டிய எலும்பை நாய்க்கு வீசுகிறான்.
இதை எந்தக் கணக்கில் குறையென்று எழுதுவேன்?

விளக்கை அணைப்பதில்லை.
இருட்டினால் தூங்கும், தூங்கினால் தின்னாது.
ராத்திரி என்று ஒன்று உண்டென்றே தெரியாமல்
முப்பதாம் நாளில் நெஞ்சு பெருத்து
கால் வளைந்து
இரண்டடி வைத்து உட்காரும்,
உட்கார்ந்த இடத்திலிருந்து
தண்ணீர்க் குழாயைப் பார்க்கும்.

பக்கத்துக் காட்டு சாலம்மா
ஒருநாள் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து
என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.
பேசவில்லை. உள்ளே ஏழெட்டு ஈ மிதந்தது.
மறுநாள் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்,
கால் ஒடிந்த கோழி ஒன்றின் கறியோடு.
வாங்கிக்கொண்டாள்.

முப்பத்து நாலாம் நாள்,
மத்தியானம் ஒன்றே முக்காலுக்குக் கரண்டு போனது.
விசிறிகள் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன.
சாக்கை நனைத்து ஜன்னலில் கட்டினோம்,
மோட்டார் ஓடாததால் குடத்தில் மொண்டு தெளித்தோம்.
இத்தனை ஆயிரம் அலகும் திறந்திருந்தன,
ஒன்றிலிருந்தும் சத்தமில்லை.
நாலரைக்குக் கரண்டு வந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு.

குழிக்குச் சுண்ணாம்பு போட்டுவிட்டு வந்து
காரணம் என்ற இடத்தில்
வெயில் என்று எழுதினேன்.
சூப்பர்வைசர் நவீன் பைக்கை நிறுத்திப் பார்த்தான்.
"வெயில்னு போடாதீங்கக்கா,
பராமரிப்புன்னு போடுங்க,
சிஸ்டம் அதத்தான் எடுக்கும்."
அவனும் சம்பளக்காரன்.
என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.
அடித்துவிட்டு எழுதினேன்.

பிடிக்கிற ஆட்கள் ராத்திரி பதினொன்றுக்கு வந்தார்கள்.
கைக்கு நாலு, தலைகீழாய்.
ஓசூர் லாரியில் கூண்டு ஏறும்போது
முதல்முறையாக வெளிக்காற்று பட்டது.
சில கோழிகள் கண்ணை மூடிக்கொண்டன.
சுகமென்று நினைக்க ஆசைதான்.
களைப்பாகத்தான் இருக்கும்.

எருவை ராயக்கோட்டைத் தக்காளிக்காரர் அள்ளிப்போனார்.
மூட்டைக்கு நல்ல விலை, கையோடு பணம்.
கம்பெனிக் காசு பதினெட்டு நாள் கழித்து வந்தது,
பராமரிப்புக் குறைவுக்குப் பிடித்ததுபோக.

"அடுத்தது எறக்கலாமா?" என்று நவீன் போன்.
திம்மராஜ் என்னைப் பார்த்தார்.
ஹேமாவுக்கு இன்னும் இரண்டு செமஸ்டர்.
சரி என்றேன்.

போச்சம்பள்ளியில் ஜெனரேட்டர் விலை விசாரித்தேன்.
பழையது. ஓடும் என்கிறார்கள்.
ஒரு பேட்ச் முழுசும் அதற்கே போய்விடும்.
ஆடி போகட்டும் என்கிறார் இவர்.
வெயில் அதற்குள் தணிந்துவிடுமாம்.